‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தான்

சென்னை கோட்டூர்புரம் ரஞ்சித் சாலையில் இருக்கிறது வித்யாசாகர் அமைப்பு. மூளை முடக்குவாதம் உள்ள மகனை வளர்த்த பூனம் நடராஜன் 1985இல் இதைத் தொடங்கியபோது ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, மெட்ராஸ்’ என்பது பெயர். இங்கே வந்துபோகும் பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சு வராது. சிலர் பேசினாலும் வீட்டாரைத் தவிர யாருக்கும் புரியாது. சிலருக்குக் கை சொன்னபடி கேட்காது. ஆனால் சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. பசி, வலி, நேற்று அண்ணன் செய்த குறும்பு, இன்றைக்கு யாரோடும் சேரப் பிடிக்கவில்லை என்கிற எரிச்சல், எல்லாம் உள்ளேயே கிடக்கும். வெளியே வரும்போது அழுகையாகவோ கடியாகவோ தட்டைத் தள்ளிவிடுவதாகவோ வரும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துப் பள்ளிகளில் இப்போது ‘சமூக, உணர்வுத் திறன்கள்’ என்ற பேச்சு அதிகம். தன் கோபத்தை இனங்காண்பது, அடுத்தவர் முகத்தைப் படிப்பது, சண்டையை முடித்துக்கொள்வது, தேவைப்படும்போது உதவி கேட்பது, இவையெல்லாம் அதில் அடங்கும். இவற்றைக் கற்றுத்தரும் செயலிகளும் விளையாட்டுகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. கணக்குப் பாடம் மாதிரி கோபத்தையும் திரையில் பாடமாக்க முடியுமா என்ற கேள்வி பெற்றோருக்கு எழுவது நியாயம். அதற்கு இந்த ஊரிலேயே ஒரு பதில் நெடுநாளாகக் கிடைத்துவருகிறது. அதைத் தருபவர்கள் பேச்சு வராத பிள்ளைகள்.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் 2007இல் ‘இன்வென்ஷன் லேப்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். வித்யாசாகரின் சிறப்பாசிரியர்கள் எது தேவை, எது உதவாது என்று சொல்லச் சொல்ல, அவருடைய குழு உருவாக்கிய கருவிதான் ‘ஆவாஸ்’. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து பேச்சுக் கருவி ஒன்றை வரவழைக்கப் பல லட்சம் ரூபாய் ஆகும். வந்து சேர்ந்தாலும் அது நம் வீட்டு மொழியைப் பேசாது. ஆவாஸ் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது. 2011இல் எம்.ஐ.டி.யின் ‘டெக்னாலஜி ரிவ்யூ’ இதழ் உலக அளவில் தேர்ந்தெடுத்த இளம் கண்டுபிடிப்பாளர் 35 பேரில் அஜித்தும் ஒருவரானார். பிறகு ஆவாஸ் தனிக் கருவி என்ற நிலையிலிருந்து மாறி டேப்லெட்டில் ஓடும் செயலியானது. இன்று அதில் தமிழும் உண்டு.

அது வேலைசெய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். பிள்ளை ஒன்றைத் தொட்டால் அந்தச் சொல்லைக் கருவி உரக்கச் சொல்லும். இரண்டு மூன்றைத் தொட்டால் வாக்கியம். விரலால் தொட முடியாத பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. திரையில் வரிசை வரிசையாக வெளிச்சம் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய வரிசை வரும்போது முழங்கையாலோ தலையைச் சாய்த்தோ ஒரு சுவிட்சை அழுத்தவேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு படமாக வெளிச்சம் நகரும். வேண்டிய படத்தில் மறுபடி ஓர் அழுத்தம். ஒரு வாக்கியம் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். தமிழில் கூடுதலாக ஒரு வேலையும் இருக்கிறது. ‘நான்’, ‘கடை’, ‘போ’ என்று மூன்று படங்களை அடுக்கினால் மட்டும் தமிழ் ஆகிவிடாது. ‘நான் கடைக்குப் போறேன்’ என்று வேற்றுமையும் விகுதியும் ஒட்டவேண்டும். நண்பனிடம் பேசும் அதே கட்டத்தால் தாத்தாவிடம் மரியாதையாகப் பேச முடியாது. உறவுகளோடு பழகுவதற்கான இங்கிதம் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கும் மொழி இது. ஆகவே நம் பிள்ளைகளுக்கான கருவியை நம் மொழியை அறிந்தவர்கள்தான் செய்ய முடியும்.

படப் பலகையில் எந்தச் சொற்களை வைப்பது என்பதில்தான் உணர்வுக் கல்வி தொடங்குகிறது. பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் தங்கள் வசதிக்குப் பலகை தயாரித்தால் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, தூக்கம் என்று பெயர்ச்சொற்களாகவே அடுக்குவார்கள். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வாங்குபவனாகவே இருப்பான். மறுக்க முடியாது, வியக்க முடியாது, கேலி செய்ய முடியாது, ‘ஏன்?’ என்று கேட்க முடியாது. அதனால்தான் இத்துறையில் இருப்பவர்கள் ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘நிறுத்து’, ‘என்னோடது’, ‘வா’, ‘போ’ போன்ற சொற்களுக்கு முதலிடம் கேட்கிறார்கள். நாம் தினமும் பேசுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில நூறு சொற்களாலேயே ஆனது. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தான் கிடைத்த பிள்ளை முதல் சில நாட்கள் எல்லாவற்றுக்கும் அதையே அழுத்தும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தன் மறுப்பை இன்னொருவர் காதில் வாங்குகிறார், அதற்கேற்ப நடந்துகொள்கிறார் என்பதை அந்தப் பிள்ளை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கிறது.

இதன் பின்னால் உறுதியான ஆய்வு இருக்கிறது. 1985இல், வித்யாசாகர் தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள சில பிள்ளைகள் ஏன் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். பாடம் கடினமாகும்போது சிலர் அப்படிச் செய்தார்கள். பெரியவர்கள் கவனிக்காதபோது வேறு சிலர் அப்படிச் செய்தார்கள். அதே தேவையைச் சொல்வதற்கு, ‘எனக்குப் புரியலை’, ‘நான் சரியாச் செய்யறேனா?’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தைப் பழக்கியதும் முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது. தண்டனையும் அறிவுரையும் சாதிக்காததைப் பொருத்தமான ஒரு வாக்கியம் சாதித்தது. ‘அடம் பிடிக்கிறான்’ என்று நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டியிருக்கிறோம் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கருவியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே பேசிவிடும் என்று நினைத்த வீடுகளில் அது அலமாரிக்குப் போயிருக்கிறது. கைக்குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டு சுற்றியுள்ளவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. படங்களால் பேசவேண்டிய பிள்ளையைச் சுற்றி யாரும் படங்களால் பேசுவதில்லை. ஆகவே அம்மாவும் ஆசிரியரும் வாயால் பேசும்போதே அதே சொற்களைத் திரையிலும் தொட்டுக் காட்டவேண்டும். ‘அம்மாவுக்குக் களைப்பா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே ‘அம்மா’, ‘களைப்பு’ இரண்டையும் தொடவேண்டும். திருப்பிச் சொல் என்று வற்புறுத்தக் கூடாது. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும், அந்த ஒரு நிமிடத்தையும் தாண்டி. அவசர அவசரமாகப் பிள்ளையின் வாக்கியத்தைப் பெரியவரே முடித்துவைப்பதுதான் இங்கே மிகப் பெரிய தடை என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. திரை இருக்கும் இடத்தில் பொறுமையான ஒரு மனிதரும் இருக்கவேண்டும் என்பதை இந்தப் பிள்ளைகளின் வகுப்பறைகள் எப்போதோ கண்டுகொண்டன.

‘கருவி பேசினால் இவன் வாய் திறக்கவே மாட்டான்’ என்ற பயம் தாய்மார்களுக்கு இருக்கிறது. 2006இல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கருவியாலோ படங்களாலோ பேச்சு குறைந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பலருக்கு ஓரளவு கூடியிருந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு முறையும் பயன்படுகிறது. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சோஷியல் ஸ்டோரி’ அது. ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன செய்வார்கள், தான் என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளையின் கண்ணோட்டத்திலிருந்து சொல்லும் சின்னக் கதை. முன்பு தாளில் எழுதி வரைந்தார்கள். இப்போது கைபேசி போதும். தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போகவேண்டிய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கூச்சல், நெரிசல், ஒலிபெருக்கி, முகத்துக்கு நேரே நீட்டப்படும் பொருட்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் தாங்க முடியாத தாக்குதல். அம்மா முந்தைய வாரமே தனியாகப் போய் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டு, தெருமுனை, கடை வாசல், துணியைப் போட்டுப் பார்க்கும் அறை, திரும்பும் வழி என்று ஏழெட்டுப் படங்கள் எடுத்துவருகிறார். ஒவ்வொன்றுக்கும் தன் குரலில் ஒரு வரி: ‘இங்க நிறைய பேர் இருப்பாங்க. சத்தமா இருக்கும். காது வலிச்சா நான் அம்மா கையை ரெண்டு தடவ அழுத்துவேன். நாம வெளிய வந்துடுவோம்.’ இதைத் தினமும் ஒரு முறை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்கும் இப்படிச் செய்யலாம், புதுப் பள்ளியின் முதல் நாளுக்கும் செய்யலாம். இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. கையை இரண்டு தடவை அழுத்தினால் உண்மையிலேயே வெளியே வந்துவிடவேண்டும். பாதி வாங்கிய துணியை அப்படியே வைத்துவிட்டாவது வரவேண்டும். கதையில் கொடுத்த வாக்கு தெருவில் பொய்த்தால் அடுத்த கதையைப் பிள்ளை நம்பாது.

பேச்சு வரும் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. 1994இல் அமெரிக்காவில் ‘கேசல்’ என்ற கூட்டமைப்பு தொடங்கி, சமூக, உணர்வுத் திறன்களைப் பள்ளிப் பாடமாக்க முயன்றது. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல் என்று ஐந்தாக அவர்கள் வகுத்தார்கள். 2011இல் ஜோசப் டர்லாக்கும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 213 பள்ளித் திட்டங்களை, 2,70,034 மாணவர்களின் தகவல்களோடு அலசினார்கள். நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நிற்கவேண்டிய மாணவர் இந்தப் பயிற்சிக்குப் பின் படிப்பிலும் 11 இடம் முன்னே வருகிறார் என்பது அவர்களுடைய கணக்கு. மனத்தைக் கவனித்தால் மார்க் குறையும் என்று பயப்படும் பெற்றோர் இந்த ஒரு எண்ணையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளைக் கொண்டு நடத்தையைப் பழக்குவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேல் அழைத்திருந்தார். ஏறக்குறைய 300 பேர் மாண்டிசோரியிடம் பயிற்சி பெற்றார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் இந்தியாவிலிருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகன் மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தார்கள். அந்த ஆகஸ்ட்டில், மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி விடுவித்தார்கள். ஒரு வகுப்புக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்கவேண்டியதாயிற்று. அவருடைய வகுப்பறை விதி ஒன்று இன்றைய செயலி வடிவமைப்பாளர்கள் கவனிக்கவேண்டியது. ஒவ்வொரு கருவியும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இளஞ்சிவப்புக் கோபுரம் எனப்படும் அடுக்குக் கட்டைகளை இன்னொரு பிள்ளை வைத்திருந்தால் அது முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும், அல்லது போய்ப் பணிவாகக் கேட்கவேண்டும். கேட்பது எப்படி, வழிவிடச் சொல்வது எப்படி, சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்துவது எப்படி என்பதற்கெல்லாம் தனித்தனிப் பயிற்சி உண்டு. பொறுமை அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட்டுப் பொறுமை பற்றிக் காணொளி காட்டுவதைவிட இது மேல்.

டிஜிட்டல் விளையாட்டுகளை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ‘கிறிஸ்டல்ஸ் ஆஃப் கேடோர்’ என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். ஒரு ரோபோ வேற்றுக்கிரகத்தில் விழுந்துவிடுகிறது. அங்குள்ளவர்களின் மொழி தெரியாது. முகபாவத்தைப் பார்த்து அவர்களுடைய உணர்வைக் கணித்தால்தான் கப்பலைச் சரிசெய்ய உதவி கிடைக்கும். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 150 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை இதையும் மீதிப் பேரைச் சாதாரணமான வேறொரு விளையாட்டையும் இரண்டு வாரம் ஆடவைத்தார்கள். முதல் குழுவினரின் மூளையில் பிறர் உணர்வை அறிவதோடு தொடர்புள்ள பகுதிகளின் இணைப்பில் மாற்றம் தெரிந்ததாக 2018இல் எழுதினார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரேபோலப் பயன்பெறவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் பார்க்கவேண்டும். 2014இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் திரை எதுவும் இல்லாத முகாமில் ஐந்து நாள் தங்கினார்கள். 54 பேர் வழக்கம்போல் இருந்தார்கள். ஐந்தே நாளில் முகாமுக்குப் போனவர்கள் பிறர் முகத்தில் உணர்வைப் படிப்பதில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஒன்றாக நடந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆனார்கள்.

இந்தியாவில் நடந்த இரண்டு முயற்சிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கிடைக்கும். இரண்டையும் செய்தது கோவாவைச் சேர்ந்த ‘சங்காத்’ அமைப்பு. முதலாவது ‘பாட் அட்வெஞ்சர்ஸ்’. வளரிளம் பருவத்தினருக்கான கைபேசி விளையாட்டு. கதைமாந்தருக்கு ஒரு சிக்கல் வருகிறது. என்ன பிரச்சினை, என்னென்ன வழி, எதைச் செய்வது என்று மூன்று படியாக ஆடுபவர் யோசிக்கிறார். பிறகு தன் சொந்தச் சிக்கலை அதே மூன்று படியில் போட்டுப் பார்க்கிறார். பள்ளிகளில் இதைப் பரிசோதித்தபோது மாணவர் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு அமர்வையும் தொடங்கிவைத்து, முடிவில் பேசவும் செய்தார்.

இரண்டாவது பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’. அதில் திரையே கிடையாது. பள்ளியில் ஒரு பெட்டி வைத்தார்கள். மனத்தில் இருப்பதை எழுதிப் போடலாம், பெயர் சொல்லியோ சொல்லாமலோ. சுவர்ப் பத்திரிகை நடத்தினார்கள், போட்டிகள் வைத்தார்கள். சில பள்ளிகளில் இதை நடத்தியவர் அதற்கென்றே நியமித்த உள்ளூர் ஆலோசகர். வேறு சிலவற்றில் ஏற்கெனவே வேலைபார்க்கும் ஆசிரியர். 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு வியப்பூட்டுகிறது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் எதுவும் மாறவில்லை. பெட்டியும் பத்திரிகையும் இரண்டிலும் ஒன்றுதான், ஆள்தான் வேறு. தேர்வுத்தாளும் புள்ளிவிவரப் பதிவும் கழுத்தை நெரிக்கும் ஆசிரியர் தலையில் இதையும் ஏற்றினால் அவரால் என்ன செய்ய முடியும்? தாளைத் திருத்துபவரிடமே அச்சத்தையும் சொல்லவேண்டும் என்றால் மாணவர் தயங்குவதும் இயல்பே.

பக்கத்தில் ஆள் இல்லை, அளவெடுக்க இயந்திரம் மட்டும் இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்பதைச் சீனாவின் ஹாங்சோ நகரில் பார்த்தார்கள். 2018இல் அங்கே 11ஆம் எண் உயர்நிலைப் பள்ளியில் கரும்பலகைக்கு மேல் கேமரா பொருத்தி, 30 விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவரின் முகத்தையும் படித்து, மகிழ்ச்சியா கோபமா பயமா என்று கணினி பதிவுசெய்தது. சோர்ந்திருந்தால் ஆசிரியருக்குச் செய்தி போகும். மாணவர்கள் கற்றுக்கொண்டது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல: முகத்தை எப்போதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது. உணர்வைச் சொல்லப் பழக்கவேண்டிய இடத்தில் மறைக்கப் பழக்கும் கருவி அது. பள்ளிகளில் இப்படி முகத்திலிருந்து உணர்வைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய சட்டத்தில், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடைசெய்துவிட்டது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ‘இன்று உன் மனநிலை என்ன?’ என்று தினமும் கேட்டு மஞ்சள் முகத்தைத் தொடச் சொல்லும் செயலியைப் பள்ளி வாங்கினால், அந்தப் பதில்கள் யார் கையில் சேர்கின்றன, எத்தனை ஆண்டு இருக்கும், சோகமுகத்தைத் தொடர்ந்து தொடும் பிள்ளையை யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஒரு நல்ல முயற்சி அதிகம் பேசப்படாமல் இருக்கிறது. 2022 முதல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் சிறார் திரைப்படங்களைப் பள்ளியிலேயே திரையிட்டு, படம் முடிந்ததும் மாணவர்களைப் பேசவைக்கிறார்கள். சாப்ளினின் 1921ஆம் ஆண்டு மௌனப்படம் ‘தி கிட்’டும் அவற்றில் உண்டு. பேச்சொலி இல்லாத படம் என்பதால் பெரும்பாலும் முகத்தையும் உடலையும் படித்துத்தான் கதையைப் பின்தொடர வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் வந்த புரொஜக்டருக்கு இதைவிடச் சிறந்த பயன் இருக்க முடியுமா என்று தோன்றுகிறது. படத்தைவிடப் பிந்தைய அரைமணி நேரப் பேச்சு முக்கியம். அந்த நேரத்தை அடுத்த பாடவேளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சினிமா பார்த்த மதியம்தான்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் உடன்படித்த மாணவர்களே சாதி வெறியில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழிகாண அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. அரசுப் பள்ளிகளில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாக எல்லாரையும் கலந்து சேர்க்கும் ‘மகிழ் முற்றம்’ திட்டம் 2024இல் வந்தது. யாரோடு சேர்ந்து உட்கார்வது, யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதே மாறாதவரை கருணை பற்றிய எந்தச் செயலியும் தமிழ்நாட்டில் வெறும் படம்தான்.

தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. எழுத்துகள் பிடிபடாத பிள்ளைகளுக்கு வாசிப்புச் சிக்கலோடு வரும் அவமானம்தான் ஆறாத புண். எழுந்து நின்று படி என்றதும் வகுப்பு சிரிக்கும். அடுத்த முறை அந்தப் பிள்ளை கோமாளித்தனம் செய்து தானே வெளியே அனுப்பப்படும்படி பார்த்துக்கொள்ளும். இந்த அமைப்போடு சேர்ந்து உருவான ‘எம்.டி.ஏ. ஆவாஸ் ரீடர்’ செயலியில் சொல் ஒன்று சிக்கினால் அதைத் தொட்டு, அசையாகப் பிரித்தோ படமாகவோ ஒலியாகவோ குறிப்பு வாங்கிக்கொள்ளலாம். யார் முன்னாலும் தலைகுனிய வேண்டாம். உணர்வுத் திறன் என்று பெயர் போட்டு விற்கப்படும் பல செயலிகளைவிடப் பெயர் போடாத இது பிள்ளையின் மனத்துக்கு அதிகம் செய்கிறது.

ராஜா அண்ணாமலைபுரத்தில், பார்க் வியூ சாலையில், ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. அங்கே உள்ள முக்கியக் கருவி தொலைபேசி. தன்னார்வலர்கள் கற்றுக்கொள்ளும் முக்கியத் திறன் குறுக்கிடாமல் கேட்பது. தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே மறுதேர்வு எழுதும் வசதி வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். தமிழ்நாட்டில் அந்த வசதி வந்தது. மாணவருக்கு மன உறுதி பற்றி வகுப்பெடுப்பதோடு, அவரை உடைக்கும் ஏற்பாட்டையும் மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அரசின் ‘நட்புடன் உங்களோடு’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இந்த எண்ணைத் தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் மட்டும் நினைவுபடுத்தும் வழக்கத்தை விட்டு, ஜூனிலேயே ஒவ்வொரு மாணவரின் டைரியிலும் அச்சடித்துவிடவேண்டும்.

வசதியில்லாத வீடுகளும் பள்ளிகளும் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. ஆவாஸ் செயலியில் உள்ள படப்பக்கங்களைத் தாளில் அச்சிட்டுக்கொள்ள முடியும். செயலியே இல்லாவிட்டாலும் கையால் வரைந்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தால் போதும். டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தாலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததுபோல் நாள்கணக்கில் மின்சாரம் போனாலும் பலகை பேசும். பேச்சு வரும் பிள்ளைகளின் வகுப்பிலும் ஒன்றை மாட்டி வைக்கலாம். கோபத்தில் வார்த்தை அடைத்துப்போகும் நேரத்தில் யாருக்கும் அது உதவும். இருபது கட்டம் போதும்: வேண்டாம், போதும், இன்னும், நிறுத்து, உதவி, புரியலை, வலிக்குது, பயமா இருக்கு, கோபமா இருக்கேன், தனியா இருக்கணும், என்கூட வா, திரும்பச் சொல்லுங்க, நான் சொல்றது அது இல்ல... மீதியைப் பிள்ளையிடமே கேட்டு நிரப்பவேண்டும். வீட்டுக்கு ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று, தினமும் அழைத்துப்போகும் ஆட்டோக்காரரிடம் ஒன்று.